பழைய லேப்டாப்புக்கு எந்த டிஸ்க்?

2011 அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம் வந்த செய்தியைத் தஞ்சாவூர் தெற்கு வீதியில் இருந்த எங்கள் சர்வீஸ் கடையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாங்காக்குக்கு வடக்கே தொழிற்பேட்டைகள் மூழ்கின. உலகத்துக்கே ஹார்ட் டிஸ்க் செய்து அனுப்பிய பெரிய தொழிற்சாலைகளில் சில அங்கேதான் இருந்தன. சில வாரங்களில் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரும் விலை மாறத் தொடங்கியது. காலையில் போனில் சொன்ன விலைக்கு மாலையில் சரக்கு கிடையாது. லேப்டாப்புக்கான சாதாரண டிஸ்க் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலைக்குப் போனது. மொத்த வியாபாரி ஒருவர் அலுத்துப்போய், "இந்த வெலைக்கு எஸ்எஸ்டியே வாங்கிடலாம் போல இருக்கே அண்ணே" என்றார். உண்மையில் வாங்க முடியாது. அன்றைக்கு 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றின் விலைக்கு நன்றாக ஓடும் செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பே கிடைக்கும். ஆனால் அந்தப் பெயர் எங்கள் பேச்சுக்குள் வந்தது அந்த வெள்ளத்தோடுதான்.

அதற்கு முன் பல வருடங்கள் என் வேலையில் பாதி காதால் நடந்தது. லேப்டாப்பின் இடது ஓரத்தில் காதை வைத்தால் டிஸ்க்கின் நிலைமை தெரிந்துவிடும். சீரான இரைச்சல் என்றால் பிரச்சினை வேறெங்கோ. 'டிக், டிக்' என்று ஒரே இடைவெளியில் தட்டினால் ஹெட் போய்விட்டது. அவ்வப்போது திணறி மறுபடி ஓடினால் செக்டார்கள் கெட ஆரம்பித்திருக்கின்றன, இரண்டு மூன்று நாள் கையில் இருக்கிறது, முதலில் ஃபைல்களை வெளியே எடு. ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் சாகும். இந்த ஒரு குணத்துக்காக அதன்மேல் எனக்கு இன்னமும் மரியாதை உண்டு.

எஸ்எஸ்டி எங்கள் ஊருக்கு உண்மையில் வந்து சேர்ந்தது 2016 வாக்கில். வரவழைத்தது விண்டோஸ் 10. 2015 ஜூலையில் வெளியாகி, ஒரு வருடம் இலவச அப்கிரேடு என்று அறிவித்ததும், விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்த மெஷின்களெல்லாம் அதற்கு மாறின. அடுத்த மாதமே கடையில் கூட்டம். எல்லோருக்கும் ஒரே புகார்: "ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு சார்." டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும். பிராசஸர் பத்து சதவீதம்கூட வேலை செய்யாது.

காரணம் எளிய கணக்கு. லேப்டாப் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி. ஹெட் நகர்ந்து அந்தத் தடத்துக்குப் போக இன்னும் பத்துப் பன்னிரண்டு. ஆக, சிதறிக் கிடக்கும் சின்ன ஃபைல்களை எடுக்கச் சொன்னால் செகண்டுக்கு அறுபது எழுபது தடவைக்கு மேல் அதனால் முடியாது. விண்டோஸ் 10 பூட் ஆகும்போது அப்டேட், வைரஸ் சோதனை, தேடல் பட்டியல் என்று ஆயிரக்கணக்கில் கேட்கிறது. எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் ஹெட்டும் இல்லை. கேட்ட ஃபைல் பத்தில் ஒரு மில்லி செகண்டில் வந்துவிடும்.

வாங்குபவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்று இத்தனை வருடமாகச் சொல்லி வருகிறேன். அட்டைப்பெட்டியில் செகண்டுக்கு 550 எம்பி, 3,500 எம்பி என்று அச்சடித்திருப்பது பெரிய ஃபைல் ஒன்றை ஒரே மூச்சில் நகர்த்தும் வேகம். பழைய லேப்டாப்காரர் அதை மாதத்துக்கு ஒருமுறை செய்தால் அதிகம். அவருடைய தவிப்பு சின்ன ஃபைல்களுக்காகக் காத்திருப்பது. அந்தத் தவிப்பை மிகச் சாதாரணமான, ஆனால் நேர்மையாகச் செய்யப்பட்ட எஸ்எஸ்டியும் தீர்த்துவிடும்.

பத்திரம் எழுதுபவர் ஒருவரின் மெஷின் இதற்கு நல்ல சாட்சி. 2009ஆம் வருட மாடல், சாட்டா 2 போர்ட். அதாவது எவ்வளவு விலையுயர்ந்த டிஸ்க்கைப் போட்டாலும் செகண்டுக்கு 270 எம்பி அளவில் நின்றுவிடும். அவருடைய மைத்துனர் பெங்களூரில் வேலை பார்ப்பவர். விலை கூடிய டிஸ்க்தான் போட வேண்டும் என்று போனிலேயே பிடிவாதம் பிடித்தார். நான் போட்டது அப்போது கிடைத்ததிலேயே விலை குறைந்த, மூன்று வருட வாரண்டி உள்ள 240 ஜிபி டிஸ்க். மிச்சப் பணத்தில் ராமை 4 ஜிபி ஆக்கினேன். நான்கைந்து நிமிடம் எடுத்த மெஷின் அரை நிமிடத்துக்குள் திறந்தது. வேகமான டிஸ்க்கைப் போட்டிருந்தாலும் அதே அரை நிமிடம்தான், ஏனென்றால் கதவு அவ்வளவு அகலம்தான்.

ஆகவே டிஸ்க்கைத் தேடுவதற்கு முன் லேப்டாப்பைப் படிக்க வேண்டும். 2006க்கு முந்தைய மெஷின் என்றால் பெரும்பாலும் ஐடிஇ, 44 பின். அதற்குச் செலவு செய்யாதீர்கள் என்றே சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு சாட்டா. 2011இல் வந்த இன்டெல் சிப்செட்களிலிருந்துதான் செகண்டுக்கு 6 ஜிகாபிட் போகும் சாட்டா 3 பரவலானது. சாட்டா 3 டிஸ்க் பழைய போர்ட்டிலும் ஓடும், வேகத்தைக் குறைத்துக்கொண்டு. கனத்தையும் பார்க்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் 9.5 மில்லிமீட்டர், எஸ்எஸ்டி 7. அந்த இரண்டரை மில்லிமீட்டரை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் சட்டம் சில டிஸ்க்குகளோடு வரும், சிலவற்றோடு வராது. அது இல்லாமல் செருகினால் பையில் தூக்கிக்கொண்டு நடக்கும்போது கனெக்டர் ஆடும். ஆறு மாதம் கழித்து, "டிஸ்க் சில நேரம் காணாமப் போகுது" என்று வருவார்கள். டிஸ்க்கில் ஒரு குறையும் இருக்காது.

அதிகக் குழப்பம் எம்.2 என்ற குச்சி வடிவத்தில். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் குச்சிகளில் சில சாட்டா வழியில் பேசும், சில என்விஎம்இ வழியில் பேசும். 2013 முதல் 2016 வரை வந்த பல லேப்டாப்களில் எம்.2 ஸ்லாட் இருந்தாலும் அது சாட்டா மட்டுமே எடுக்கும். இன்ஜினியரிங் படிக்கும் தம்பி ஒருவன் ஆன்லைன் தள்ளுபடியில் என்விஎம்இ குச்சி வாங்கிவந்து, "ஸ்லாட்டுல கரெக்டா உக்காருதுண்ணே, பயாஸ்ல வரல" என்று நின்றான். உட்காருவதும் வேலை செய்வதும் வேறு வேறு. பொதுவாகச் சாட்டா குச்சியின் முனையில் இரண்டு வெட்டு இருக்கும், என்விஎம்இ குச்சியில் ஒன்று. இதுவும் அடையாளம்தான், உத்தரவாதம் இல்லை. லேப்டாப் மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துவிட்டு வாங்குவதே சரி. அவனுடைய லேப்டாப்பில் இரண்டரை அங்குல இடமும் இருந்தது. குச்சியைத் திருப்பி அனுப்பச் சொல்லி, பாதி விலையில் சாட்டா டிஸ்க் போட்டுக் கொடுத்தேன்.

டிவிடி டிரைவ் உள்ள மெஷின்களில் இன்னொரு வழி உண்டு. அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கேடியில் பழைய ஹார்ட் டிஸ்க்கை வைத்து, அசல் இடத்தில் எஸ்எஸ்டியைப் போடலாம். கல்யாண போட்டோகிராபர்களுக்கு இதை நிறையச் செய்திருக்கிறேன். படங்கள் பழைய டிஸ்க்கில், விண்டோஸும் எடிட்டிங் சாஃப்ட்வேரும் புதியதில். கேடி 12.7 மில்லிமீட்டரிலும் 9.5 மில்லிமீட்டரிலும் வரும். டிரைவைக் கழற்றி அளந்துவிட்டு வாங்க வேண்டும். சிலர் வேலை சுலபம் என்று எஸ்எஸ்டியைக் கேடியில் வைத்துவிடுவார்கள். பல மாடல்களில் அந்தப் போர்ட் அசல் போர்ட்டைவிட மெதுவானது.

எவ்வளவு ஜிபி என்பதில் என் கருத்து மாறி வந்திருக்கிறது, விலை மாறியதால். 2016இல் 240 ஜிபி டிஸ்க் ஐயாயிரத்தைத் தாண்டும். அப்போது 120 போதும் என்றேன். 2019 வாக்கில் 240 ஜிபி இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியதும் 120 விற்பதை விட்டுவிட்டேன். விண்டோஸ், அதன் அப்டேட், வாட்ஸ்அப் படங்கள் என்று 120 சீக்கிரமே நிரம்பிவிடும். நிரம்பிய எஸ்எஸ்டி சோர்ந்துபோகும். உள்ளே ஒரு செல்லில் மூன்று பிட், சிலவற்றில் நான்கு பிட் எழுதுகிறார்கள். நான்கு பிட் என்றால் பதினாறு மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும், ஆகவே எழுதுவது மெதுவாகும். அதை மறைக்க, காலியான இடத்தில் ஒரு பகுதியை வேகமாக எழுதும் தற்காலிக இடமாக வைத்துக்கொள்கிறார்கள். காலி இடம் குறையக் குறைய அதுவும் சுருங்கும். கால் பங்கு காலியாக வைக்க முடிகிற அளவைத் தேர்ந்தெடுங்கள் என்கிறேன். வாங்கிய 240 ஜிபி விண்டோஸில் 223 என்று காட்டும். எண்ணும் முறை வேறு, ஏமாற்று இல்லை.

"எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயுமாமே?" என்ற பயம் அந்த நாளில் எல்லோருக்கும் இருந்தது. தேயும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கிங்ஸ்டன் ஏ400 என்ற 2017ஆம் வருட மலிவு மாடலின் 240 ஜிபி டிஸ்க்குக்கு நிறுவனம் சொன்ன எழுத்து வரம்பு 80 டெராபைட். தினம் 20 ஜிபி எழுதினாலும் 4,000 நாள், கிட்டத்தட்ட பதினோரு வருடம். சாம்சங் 860 ஈவோ 250 ஜிபிக்கு 150 டெராபைட். பத்திரம் எழுதுபவரோ பள்ளி ஆசிரியையோ தினம் 20 ஜிபி எழுதுவது அபூர்வம். டிராம் என்ற தனி நினைவகச் சிப் உள்ள டிஸ்க் கூடுதல் விலை. நாள் முழுக்க வீடியோ எடிட் செய்பவருக்கு அதைப் போடுவேன், பில் போடுபவருக்கு மாட்டேன். வாரண்டி மூன்று வருடம் இருக்கிறதா, அதைப் பார்த்துக் கொடுக்கும் சர்வீஸ் சென்டர் சென்னையிலோ திருச்சியிலோ இருக்கிறதா என்பதைத்தான் எல்லோருக்கும் முக்கியமாகப் பார்க்கிறேன். ஒரே மாடல் பெயரில் உள்ளேயிருக்கும் சிப்பைப் பல நிறுவனங்கள் சத்தமில்லாமல் மாற்றுகின்றன, ஆகவே இரண்டு வருடத்துக்கு முன் யாரோ பாராட்டியதை நம்பி இன்று வாங்க முடியாது. வாரண்டி அட்டைதான் கையில் நிற்கும்.

எஸ்எஸ்டியைக் கொல்வது பெரும்பாலும் தேய்மானம் இல்லை, கரண்ட். இதை ஊருக்கே புரியவைத்தது கஜா புயல். 2018 நவம்பர் 16 அதிகாலை அது கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வாடகை ஜெனரேட்டர்களில் வேலை நடந்தது. பேராவூரணித் தேங்காய் வியாபாரி ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். பேட்டரி செத்து ஒரு வருடமாகிறது, அடாப்டரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர் டீசல் தீர்ந்து நிற்கும்போதெல்லாம் மெஷினும் அப்படியே விழும். ஒருநாள் விழுந்தது எழவில்லை. பயாஸில் டிஸ்க்கின் பிராண்டு பெயர் போய், கொள்ளளவும் சில எம்பியாகச் சுருங்கியிருந்தது.

எந்தத் தகவல் எந்தச் செல்லில் இருக்கிறது என்ற அட்டவணையை எஸ்எஸ்டி தனக்குள் எப்போதும் திருத்திக்கொண்டே இருக்கும். அதை எழுதும் நொடியில் கரண்ட் போனால் அட்டவணை உடையலாம். சர்வர்களில் போடும் டிஸ்க்குகளில் அந்தக் கடைசி எழுத்தை முடிக்கக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். இரண்டாயிரம் ரூபாய் டிஸ்க்கில் இருக்காது. பழைய காலம் என்றால் தட்டில் எழுதியது தட்டிலேயே கிடக்கும், எடுத்துவிடலாம். இதில் தகவல் உள்ளேயே இருந்தும், எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. சத்தமும் கிடையாது, முன்னறிவிப்பும் கிடையாது.

அவருக்கு நல்ல வேளையாக, எஸ்எஸ்டி போட்ட அன்று கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டுக் கொடுத்து, வெள்ளிக்கிழமை தோறும் டேலி கணக்கை அதில் பேக்கப் எடுக்கச் சொல்லியிருந்தேன். அவர் மகள் அதை ஒழுங்காகச் செய்திருந்தாள். புயலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வரை கணக்கு இருந்தது. அன்றிலிருந்து என் வரிசை மாறவில்லை. பேட்டரி செத்த லேப்டாப் வந்தால் முதலில் பேட்டரி, பிறகு எஸ்எஸ்டி. இரண்டுக்கும் பணம் இல்லை என்றால் பேட்டரியை மாற்றுங்கள், ஹார்ட் டிஸ்க்கோடு இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் நானூறு ஐநூறு ரூபாய் கேஸில் போட்டுத்தான் திருப்பித் தருவேன். எடைக்குப் போடவிட மாட்டேன். அழித்த ஃபைலை மீட்பதும் எஸ்எஸ்டியில் நடக்காத காரியம் என்றே சொல்லலாம். ட்ரிம் என்ற கட்டளை வழியாக விண்டோஸ் 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று சொன்னதும் டிஸ்க் தானாகவே துடைத்துவிடுகிறது. குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை அழித்துவிட்டு அழுதுகொண்டே வந்தவர்களுக்கு இதைச் சொல்வதுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகக் கஷ்டமான வேலை.

2020இல் பள்ளிகள் மூடி ஆன்லைன் வகுப்பு தொடங்கியதும், அலமாரிகளில் கிடந்த அரசு இலவச லேப்டாப்கள் கடைக்கு வந்தன. 2011இல் தொடங்கிய திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்தது, இப்போது தம்பிக்கு. கொண்டுவந்த பெற்றோர் பெரும்பாலும் கூலி வேலை பார்ப்பவர்கள், கையில் இரண்டாயிரம் மூவாயிரம். அந்தக் காலத்தில் போட்ட யோசனை வேறு எப்போதும் போட்டதில்லை. 2 ஜிபி ராம் உள்ள மெஷினில் எஸ்எஸ்டி மட்டும் போட்டால், ராம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கையே ராமாகப் பயன்படுத்தும். வேகமாகத்தான் தெரியும், ஆனால் எழுத்து ஏறிக்கொண்டே போகும். ராம் மட்டும் போட்டால் பூட் ஆவது பழைய கதைதான். ஆகவே செகண்ட் ஹேண்ட் டிடிஆர்3 ராம் ஒன்று, சிறிய எஸ்எஸ்டி ஒன்று என்று பிரித்தேன். 1.35 வோல்ட் ராம் கேட்கும் போர்டில் 1.5 வோல்ட் ராம் செருகினால் மெஷின் ஆன் ஆகாது, அதையும் பார்க்க வேண்டும். ஜூம் வகுப்புக்கும் கூகுள் மீட்டுக்கும் அது தாங்கியது. அந்த மெஷின்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இப்போது கல்லூரி முடித்தவர்களும் இருக்கிறார்கள்.

போலிகள் பெருகியதும் அப்போதுதான். ஆயிரம் ரூபாய்க்கு 1 டிபி, 2 டிபி என்று கொண்டுவருவார்கள். திறந்தால் உள்ளே சின்ன மெமரி கார்டு ஒட்டப்பட்டிருக்கும். கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி சிப்பை மாற்றியிருப்பார்கள். எழுத எழுத வாங்கிக்கொண்டே இருக்கும், படிக்கும்போது வெறுமை. எடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, நல்ல எஸ்எஸ்டியின் கூட்டுக்குள்ளும் விரல் நீளப் போர்டுதான் இருக்கும், மீதி காற்று. சந்தேகமாக இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் டிஸ்க் முழுக்க எழுதித் திருப்பிப் படிக்கச் சொல்வேன். இரவில் போட்டுவிட்டுப் போனால் காலையில் உண்மை தெரியும்.

மாற்றும் வேலையில், பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்வது எனக்குப் பிடிக்காது. பத்து வருடக் குப்பையும் சேர்ந்தே வரும். அதோடு, கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை படிக்கச் சொன்னால் பாதியில் செத்துவிடும். முதலில் வேண்டிய ஃபைல்களை மட்டும் எடுத்துவிட்டு, பயாஸில் சாட்டா முறை ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா என்று பார்த்து, புதிதாக இன்ஸ்டால் செய்வதே நல்லது. டேலி லைசென்ஸ், பிரிண்டர் டிரைவர் இரண்டையும் முன்பே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்த பிறகு கேள்வி இன்னும் கடினமாகிவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறை வேண்டும். எஸ்எஸ்டி போட்டால் பழைய மெஷினுக்கு வேகம் வரும், பாதுகாப்பு அப்டேட் வராது. வீடுகளுக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் வரைதான். இன்டர்நெட், வீடியோ, கடிதம் மட்டும் என்பவர்களுக்கு எஸ்எஸ்டியோடு லினக்ஸ் மின்ட் போட்டுத் தருகிறேன், சந்தோஷமாக ஓட்டுகிறார்கள். டேலி வேண்டும் என்பவருக்கு அது உதவாது. போதாக்குறைக்கு ஏஐ தரவு மையங்கள் மெமரிச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ராம், எஸ்எஸ்டி இரண்டின் விலையும் மறுபடி ஏறுகிறது.

சமீபத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 2014ஆம் வருட லேப்டாப்போடு வந்தார். அமெரிக்காவில் இருக்கும் பேத்தியோடு வீடியோவில் பேச வேண்டும், யூடியூப்பில் கச்சேரி கேட்க வேண்டும், அவ்வளவுதான். "புதுசு வாங்கிடட்டுமா தம்பி, பையன் பணம் அனுப்புறேங்கறான்" என்றார். ராம் 4 ஜிபி இருந்தது. பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கியது. கீல் உடையவில்லை. வேண்டாம் அம்மா என்று சொல்லி, 240 ஜிபி டிஸ்க் ஒன்றும் மின்ட்டும் போட்டுக் கொடுத்தேன். அதே நாள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் கணக்கர் ஒருவர் அதே வருட மெஷினோடு வந்தார். நாற்பது கடைகளின் கணக்கு அதில் இருந்தது. அவரிடம் டிஸ்க் விற்கவில்லை. பழைய டிஸ்க்கைக் கேஸில் போட்டுக் கொடுத்து, விண்டோஸ் 11 ஏற்கும் செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்க எந்தெந்த மாடல்களைப் பார்க்கலாம் என்று தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.